காலி வாளி

பாராட்டு ஒரு கெட்ட பழக்கம். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு அது இல்லாமல் கை ஓடாது, கால் ஓடாது. இசோபே கன்ஜிக்கு அந்தப் பழக்கம் இருபது வயதிலேயே ஒட்டிக்கொண்டது.

மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவப் போய், மீன் அறுக்கப் பழகி, கடைசியில் அந்தச் சமையற்கட்டுக்கே தலைவரானவர் அவர். விருந்து முடிந்ததும் கூடத்திலிருந்து ஆள் வரும், சமைத்தவரைப் பார்க்க வேண்டுமாம் என்று. இசோபே கையைத் துடைத்துக்கொண்டே போவார். இதெல்லாம் எதற்கு என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். தலைதான் குனிந்திருக்கும், காது இரண்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். அதே விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த நவோயேதான் அவருடைய மனைவி. "கூப்பிட ஆள் வராத அன்னிக்கு மூஞ்சியைப் பாக்கணுமே" என்று அவள் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. அவர்களுக்குக் குழந்தை இல்லை.

விடுதி முதலாளி கண்ணை மூடியதும் அவருடைய மகன்காரன் விடுதியை விற்றுவிட்டு தோக்கியோவுக்குப் போய்விட்டான். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் இசோபே வேலை தேட வேண்டியதாயிற்று. துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருக்கும் தொடக்கப் பள்ளியின் சமையற்கட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு வருட ஒப்பந்தம். வேறு ஏதாவது கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டுதான் சேர்ந்தார்.

சேர்ந்த நாளிலிருந்து குழப்பம்தான். முதல் நாள், கேரட்டை நறுக்கச் சொன்னார்கள். இவர் ஒவ்வொரு வில்லையையும் பிளம் பூவாகச் செதுக்க ஆரம்பித்தார். பள்ளி முழுக்கச் சாப்பிட வேண்டிய கேரட். சத்துணவு ஆசிரியை தொகாஷி வந்து ஒரு வில்லையை எடுத்துப் பார்த்தாள். பிறகு, பூ ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் இந்த வேகத்தில் போனால் பிள்ளைகள் ராத்திரிதான் சாப்பிடுவார்கள் என்று மரியாதையாகச் சொன்னாள். உப்புக்கு அளவு, சர்க்கரைக்கு அளவு, பச்சையாக எதுவும் கூடாது. ஒவ்வொரு இறைச்சித் துண்டுக்குள்ளும் வெப்பமானியைக் குத்திப் பார்க்க வேண்டும். படகுத் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் கிளற வேண்டும். இத்தனையும் கை பழகிவிட்டது. ஆனால் சமைத்தது நன்றாக இருந்ததா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

குழந்தைகளுக்கு அரை மணி நேரம் முன்னால் தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஏதாவது கெட்டிருந்தால் முதலில் அவரோடு போகட்டும் என்பதுதான் அதன் பொருள் என்று கூடச் சமைக்கும் ஹமாதே அக்கா சொல்வாள். தலைமையாசிரியரும் தினமும் தட்டைத் திருப்பி அனுப்பும்போது ஒரே வார்த்தைதான் சொல்லி அனுப்புவார்: "ஒண்ணும் கோளாறில்லை." இசோபே உயிரைக் கொடுத்துச் சமைத்த நாளிலும் கோளாறில்லை. தொகாஷி கொடுத்த அளவுப்படி கண்ணை மூடிக்கொண்டு சமைத்த நாளிலும் கோளாறில்லை.

குழந்தைகளாவது சொல்வார்கள் என்று பார்த்தார். அந்தந்த வகுப்புக்கான சாப்பாட்டை மூடி போட்ட வாளிகளில் வைத்துவிட வேண்டும். அன்றன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியுமாக வந்து தூக்கிப்போய், வகுப்பில் தாங்களே பரிமாறிக்கொள்வார்கள். சாப்பிட்டு முடிந்ததும் வாளியைத் திரும்பக் கொண்டுவந்து சமையற்கட்டு ஜன்னலில் வைத்து, வரிசையாக நின்று ஒரே குரலில், "நல்லா சாப்பிட்டோம், நன்றி" என்று கத்துவார்கள். வாளி காலியாக இருந்தாலும் அதே கத்தல்தான். பாதி அப்படியே இருந்தாலும் அதே கத்தல்தான். விருந்தினரின் முகத்தைப் பார்த்தே இன்னொரு கிண்ணம் கேட்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடுகிற மனிதருக்கு, இந்தப் பிள்ளைகளின் முகத்தில் ஒன்றுமே பிடிபடவில்லை.

மிச்சத்தைத் தினமும் நிறுத்துப் பார்ப்பார்கள். அதில் மோசமானது நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவு. அதிலும் மீன் வைத்த நாளில் அந்த வாளியைத் தூக்கவே கை வலிக்கும். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு மீன் பிடிக்கவில்லை என்றால் தப்பு யார் மேல்? இசோபே தன் மேல்தான் என்று முடிவு கட்டினார். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் வேகவைத்த கானாங்கெளுத்தி விடுதியில் அவர் பேர் சொன்ன பண்டம். அதுவே வாளி வாளியாகத் திரும்பி வந்தபோது நெஞ்சே விட்டுப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து நவோயேயின் அண்ணன் தத்சுவோ போன் செய்தான். பெரிய ஊரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாராயக்கடை வைத்திருக்கிறான். அவனுடைய சமையல்காரர் வசந்தத்தில் நின்றுவிடப் போகிறாராம். வாடிக்கையாளர்கள் சமைப்பவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிற கடை அது. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு முகத்துக்கு நேரா சொல்லுவாங்க மச்சான், வந்துடுங்க என்றான். பள்ளியிலும், அடுத்த வருடம் தொடர்வதானால் ஜனவரி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார்கள். இசோபே இரண்டு பக்கமும் பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தார். தான் இந்தப் பிள்ளைகளுக்கு உபயோகமா இல்லையா என்பது தெரிந்தால் போதும், பதிலைச் சொல்லிவிடலாம். அதுதானே தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்து ஒலிபரப்புக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பள்ளியின் ஒலிபரப்பைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளே நடத்துவார்கள். ஒரு பெண் மைக்கை அவர் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டி, எப்போது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கேட்டாள். யோசித்துப் பேசத் தெரியாத மனிதர்கள் உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள்.

"வாளி காலியா வந்தா அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குவேன். மிச்சம் வந்தா, நாம என்ன தப்புப் பண்ணினோம்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருப்பேன்" என்றார்.

எல்லா வகுப்பறைகளின் ஒலிபெருக்கியிலும் அது கேட்டது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் அதிசயம் நடந்தது. நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவின் வாளி காலியாக வந்தது. ஒரு நாள் இல்லை, தினமும். கானாங்கெளுத்தி வைத்த அன்றும் அடியில் ஒட்டிய மிசோவைக்கூடச் சோற்றால் வழித்துத் தின்றிருந்தார்கள். ஹமாதே அக்கா வாளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதைக் கழுவாமலே அடுக்கி வைக்கலாம் போலிருக்கிறதே என்றாள். இசோபே சிரிக்காத மாதிரி இருந்தார். முகமூடிக்குள் வாய் காதுவரை போயிருந்தது.

வீட்டுக்கு வந்து நவோயேயிடம் சொன்னார். அதே மீன், அதே மிசோ, அளவுகூட மாறவில்லை, எப்படி இப்படி என்று அவருக்கே விளங்கவில்லை. கை பழகிவிட்டது போல என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

"பழகுனது உங்க கையா, இல்ல பசங்களுக்குத்தான் திடீர்னு நாக்கு முளைச்சிருச்சா?" என்றாள் நவோயே.

அந்தக் கேள்வியை அவர் அப்போதே காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. தத்சுவோவிடம் மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றே நினைத்தார். காலையில் பனியில் மேடு ஏறும்போது சீழ்க்கை அடித்துக்கொண்டு ஏறினார். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சமைப்பது யாருக்காக என்று அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

ஜனவரிக் கடைசியில் பள்ளிச் சாப்பாட்டு வாரம் வரும். அந்த வாரத்தில் சமையல்காரர்களை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகள் கூட உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வார்கள். நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவு இசோபேயைத்தான் கேட்டது. சாப்பாட்டு மாமாதான் வேண்டும் என்றார்களாம். அன்று கானாங்கெளுத்தி வைக்கலாமா என்று அவரே தொகாஷியிடம் கேட்டு வாங்கினார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்.

மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டிருந்தார்கள். வகுப்பாசிரியை மினோவா, வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத பெண், அவரை நடுவில் உட்கார வைத்தாள். எதிரில் நகிஸா என்று ஒரு சின்னப் பெண். அவளுடைய அப்பாவுக்கு மீன்பிடிப் படகு இருக்கிறது என்று பக்கத்துப் பிள்ளைகள் பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார்கள். நகிஸா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட ஆரம்பிக்கும் முன் முறைக்காரப் பையன் எழுந்து நின்றான்.

"நாலாம் வகுப்பு ரெண்டாம் பிரிவு, இன்னிக்கும் சாப்பாட்டு மாமாவை நல்லாத் தூங்க வைக்கும்."

"வைக்கும்" என்று வகுப்பே சொன்னது.

இசோபே சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. மினோவா அவர் பக்கம் குனிந்து, ஒலிபரப்பு நடந்த அன்றே வகுப்புக் கூட்டம் போட்டு, கை தூக்கி ஓட்டெடுத்து இதைத் தீர்மானித்தார்கள், நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றாள். அவள் கண்ணில் அவ்வளவு பெருமை. முன்பெல்லாம் வேண்டாதவர்கள் சாப்பிடுவதற்கு முன்பே கொஞ்சத்தை வாளியில் திருப்பிப் போடலாமாம். அந்த வழக்கத்தையும் பிள்ளைகளே ஓட்டெடுத்து எடுத்துவிட்டார்களாம்.

நகிஸா சோற்றைத் தின்றாள். சூப்பைக் குடித்தாள். கீரையைத் தின்றாள். மீன் மட்டும் தட்டில் அப்படியே இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. முதலில் ஒரு குரல் மெதுவாக ஆரம்பித்தது. பிறகு எல்லாக் குரலும் சேர்ந்துகொண்டது.

"விடாதே நகிஸா, விடாதே. விடாதே நகிஸா, விடாதே."

அதில் கேலி இல்லை. அதுதான் இசோபேயைக் கலங்க வைத்தது. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக ஓடிவரும் பிள்ளைக்குச் சொல்வதுபோல, பிரியமாக, தாளத்தோடு சொன்னார்கள். நகிஸா மீனை வாயில் போட்டாள். மெல்லவில்லை. சாப்பாட்டோடு தரும் பாலை ஊற்றி விழுங்கினாள். இன்னொரு துண்டு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, தோள் ஒருமுறை குலுங்கியது, ஆனாலும் விழுங்கினாள். தட்டு காலி. வகுப்பு முழுக்கக் கை தட்டியது. ஒரு பெண் ஓடிவந்து நகிஸாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நகிஸா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இசோபேயைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினாள்.

"மாமா, இன்னிக்கு நல்லாத் தூங்குங்க" என்றாள்.

என்ன சொல்வது? நன்றி என்பதா? மன்னித்துக்கொள் என்பதா? வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பூரித்த அந்த வாளியெல்லாம் இதுவா? அவர் சீழ்க்கை அடித்துக்கொண்டு மேடு ஏறிய காலையெல்லாம் இந்தப் பெண் மீன் நாளை எண்ணிப் பயந்துகொண்டு ஏறினாளா? யாரைக் கோபித்துக்கொள்வது என்று தேடிப் பார்த்தார். பிள்ளைகள் அன்பால் செய்தார்கள். ஆசிரியை அதைப் பார்த்து மகிழ்ந்தாள். ஆரம்பித்துவைத்த வார்த்தை அவருடையது.

அப்போதுதான் ஒரு பையன் கண்டுபிடித்தான்.

"மாமா பால் குடிக்கல."

இசோபேயின் பால் திறக்காமலே இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பால் ஆகாது. சமையற்கட்டில் தன் பங்கை எப்போதும் ஹமாதே அக்காவிடம் தள்ளிவிடுவார். மினோவா எழுந்து தடுக்கப் பார்த்தாள். அதற்குள் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு நேரம் நகிஸாவுக்குச் சொன்னதை இப்போது அவருக்கு, அதே பிரியத்தோடு சொன்னார்கள்.

"விடாதீங்க மாமா, விடாதீங்க."

முப்பது முகமும் அவரையே நம்பிப் பார்த்தன. இசோபே திறந்தார். ஒரு வாய் குடித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், மறந்தே போயிருந்த சின்ன வயதுப் பள்ளிக்கூட நாள் ஒன்று திரும்பி வந்தது. எல்லோரும் பெஞ்சைத் தள்ளிவிட்டுத் துடைப்பத்தால் பெருக்குகிறார்கள், புழுதி பறக்கிறது. நடுவில் அவர் மட்டும் ஒரு பால் புட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது வாய் தொண்டைவரை போய் நின்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல சட்டை போட்ட மனிதர், வகுப்பின் நடுவில்.

பாலைக் கீழே வைத்தார்.

"என்னால முடியலப்பா" என்றார்.

தாளம் நின்றது. இப்படி ஒரு பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் ஒருவர், அதுவும் சாப்பாட்டு மாமா, மிச்சம் வைப்பாரா? பிள்ளைகள் ஆசிரியையைப் பார்த்தார்கள். ஆசிரியை இசோபேயைப் பார்த்தாள். இசோபே பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நகிஸாதான் கேட்டாள்.

"முடியலன்னு சொல்லலாமா?"

கேட்டது அவரிடமா, ஆசிரியையிடமா என்று தெரியவில்லை. இசோபேக்குப் பள்ளிக்கூட விதி எதுவும் தெரியாது. தான் தப்பாகச் சொல்கிறோமோ என்று பயமாகவும் இருந்தது.

"சொல்லலாம்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

"அப்ப மாமாவுக்குத் தூக்கம்?" என்றான் முறைக்காரப் பையன். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அது என் பாடு. பெரியவன் தூக்கத்தைப் பிள்ளைங்க தூக்கிச் சுமக்கக் கூடாது. நான்தான் தெரியாம அன்னிக்குச் சொல்லிட்டேன்."

வெளியே வரும்போது மினோவா வராந்தாவில் அவர் பின்னாலேயே வந்தாள். அவர்கள் அன்பாகத்தானே செய்தார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமாம், எனக்கும் அதுதான் புரியவில்லை என்றார் இசோபே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வணங்கிக்கொண்டு, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று தெரியாமலே பிரிந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கை பழகியதும் இல்லை, நாக்கு முளைத்ததும் இல்லை. பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் போய் வேலையில் கிடைத்த வெற்றி என்று மார் தட்டிக்கொண்டாரே. தத்சுவோ மறுபடி போன் செய்தான். குடிகாரர்களே இதைவிட மேல், அவர்கள் மனதில் பட்டதைத்தான் சொல்வார்கள் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்கிறேன் என்றார். பள்ளியிலும் நாளைக்கு என்றே சொன்னார். நவோயே குத்திக் காட்டவில்லை, தேநீரை ஊற்றி வைத்தாள். அது அவரை இன்னும் குழப்பியது.

மறுபடி மீன் நாள் வந்தது. மாதத்தின் கடைசி நாளும் அதுதான். பதில் சொல்ல வேண்டிய நாள். இசோபே கானாங்கெளுத்தியை அடுப்பில் ஏற்றினார், இறக்கினார், வெப்பமானியைக் குத்தினார். தலைமையாசிரியரிடமிருந்து ஒன்றும் கோளாறில்லை என்று சொல்லி வந்தது. வாளிகள் போயின.

திரும்பி வந்தபோது நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவின் வாளி கனத்தது. அன்று முறை நகிஸாவுடையது. வெள்ளைத் தொப்பி கண்ணை மறைக்க, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாளியைத் தூக்கி ஜன்னலில் வைத்தாள். "நல்லா சாப்பிட்டோம், நன்றி" என்று எல்லோரும் கத்தினார்கள். மற்றவர்கள் போனார்கள். அவள் போகவில்லை. எக்கி நின்று வாளியின் மூடியைத் தானே எடுத்தாள். உள்ளே மிச்ச மீன்களின் மேல் ஒரு துண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி.

"அது என்னோடது மாமா. ஒரே ஒரு வாய். யாரும் விடாதேன்னு சொல்லல, நானாத்தான் கடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?" என்றார் இசோபே. எத்தனையோ வருடம் தலை குனிந்து நின்று பாராட்டு வாங்கிய மனிதருக்கு, இப்படிக் கேட்பது இதுதான் முதல்முறை.

நகிஸா நேர்மையாக யோசித்தாள்.

"நல்லா இல்ல" என்றாள். "ஆனா போன தடவை அளவுக்கு மோசமில்ல."

சொல்லிவிட்டு ஓடிப்போனாள். ஹமாதே அக்கா மிச்சத்தைத் தராசில் கொட்ட வாளியை இழுத்தாள். இசோபே, கொஞ்சம் இரு அக்கா என்று அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஈரச் செருப்போடு, முகமூடியைக்கூடக் கழற்றாமல், தொகாஷியின் அறைக்குப் போய் அடுத்த வருடமும் இருக்கிறேன் என்று சொன்னார். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் புரியவில்லை. இன்றைக்கு நான்காம் வகுப்பிலிருந்து இவ்வளவு மிச்சம் வந்திருக்கிறதே, மனசு விட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றாள்.

"ஆமா, மிச்சம் வந்திருக்கு. அதான் இருக்கேன்" என்றார் இசோபே.

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவருக்கும் அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. அன்று இரவு அவர் தூங்கவில்லை. கானாங்கெளுத்திக்கு இஞ்சியைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தார்.